நாலு விரல் மேடும் ஒரு பலகையும்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு எலும்பு இரண்டு முறை முறியும். முதல் முறை வெளியே, அவரவர் விதிப்படி. இரண்டாவது முறை உள்ளே, கட்டிடத் துறையின் வரைபடத்தின்படி.

எலும்பு வார்டு பழைய கட்டிடத்தில் இருந்தது. எக்ஸ்ரே அறை புதிய கட்டிடத்தில் இருந்தது. பழையதைக் கட்டியது ஒரு துறை, புதியதைக் கட்டியது வேறொரு துறை. இரண்டுக்கும் முகம் கொடுத்துப் பேச்சுக் கிடையாது. நடுச்சுவரை இடித்து இரண்டையும் சேர்த்த அன்றுதான், புதிய தரை பழைய தரையைவிட நாலு விரல் உயரம் என்று தெரிய வந்தது. நடந்து போகிறவனுக்கு நாலு விரல் ஒரு விஷயமே இல்லை, பேச்சு சுவாரசியத்தில் தாண்டிவிடுவான். இடுப்பெலும்பு விண்டுபோய் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடப்பவனுக்கு அது மலை. முன்சக்கரம் முட்டி நிற்கும். தள்ளுகிறவர் தம் கட்டித் தூக்கி ஏற்றுவார். அதற்கு ஒரு குலுக்கல், பின்சக்கரத்துக்கு இன்னொரு குலுக்கல். திரும்பி வரும்போது அதே இரண்டும், இறங்குமுகமாக. பெற்ற தாயை நாலு முறை கூவி அழைக்காமல் அங்கே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் யாரும் இல்லை.

இந்த நாலு விரலோடுதான் ஆப்பு இருபத்திரண்டு வருடம் மல்லுக்கட்டினார்.

ஆப்பு என்பது பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரல்ல. ஸ்ட்ரெச்சர் தள்ளுவது அவர் வேலை. அவருடைய சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மூன்று மரச் சில்லுகள் கிடக்கும். மூடாத கதவு, ஆடுகிற கட்டில், காற்றுக்குப் படபடக்கும் ஜன்னல் என்று எதைப் பார்த்தாலும் ஒரு சில்லைச் செருகிவிட்டு நடையைக் கட்டுவார். அடுத்தவனுக்கு ஆப்பு வைப்பதையே முழுநேர உத்தியோகமாகச் செய்பவர்கள் நிறைந்த ஒரு நிறுவனத்தில், மரத்தில் செய்த நிஜ ஆப்பை வைத்த ஒரே மனிதர் அவர்தான். அந்த அபூர்வத்துக்காகவே பெயர் நிலைத்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு வயதான அம்மாளைத் தள்ளிக்கொண்டு போனார். மேடு வந்ததும் அந்த அம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போகும்படி கேட்டாள். அவரும் மெதுவாகப் போனார். மெதுவாகப் போனால் வலி நிதானமாக ஏறும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த அம்மாள் கத்தவில்லை. பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. அன்றிரவு வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தார்.

மறுநாள் ஒரு சாக்கை மடித்து மேட்டோரம் போட்டார். அது முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சாக்குப் போய் டயர்த் துண்டு வந்தது. டயர்த் துண்டு போய், உடைந்த பீரோவின் கதவு சாய்வுப் பலகையாக வந்தது. பலகை துள்ளியது, அடியில் ஆப்பு வைத்தார். தரை துடைத்த ஈரத்தில் ஒருநாள் ஒரு ஸ்ட்ரெச்சர் அவர் கையை விட்டு வழுக்கி, படுத்திருந்தவரை ராஜா ரதத்தில் போவதுபோல மருந்து கொடுக்கும் ஜன்னல்வரை கொண்டுபோய் நிறுத்தியது. அன்று மாலையே பலகைமேல் பசை தடவி மணலைத் தூவினார். சக்கரம் ஓரம் போகாமல் இருக்க இரண்டு பக்கமும் சட்டம் அடித்தார். அதில் தடுக்கிப் பெரிய சிஸ்டர் விழப் பார்த்தாள், மறுநாள் காலையில் சட்டம் கழன்றது. நேற்று வைத்தது தப்பு என்று இன்றைக்குத் தானே பிடுங்கி எறிவதில் அவருக்கு வெட்கமே கிடையாது. இது எவ்வளவு ஆபத்தான குணம் என்பது பதவியில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு முறை தாண்டிய பிறகும், எப்படி இருந்தது என்று படுத்திருப்பவரிடம் கேட்பார். பெரும்பாலும் "பரவாயில்லை" என்பார்கள். அந்தச் சொல் அவருக்கு ஆகவே ஆகாது. எங்கே குத்தியது, முன்னாலா பின்னாலா என்று குடைந்துவிடுவார். காலுடைந்த கணக்கு வாத்தியார் ஒருவர் வலியோடு வலியாக மனக்கணக்குப் போட்டு, சரிவின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் குலுக்கல் பாதிக்கு மேல் குறையும் என்றார். அந்த வாரமே பலகை இரண்டரை அடியிலிருந்து ஐந்தடியாக வளர்ந்தது. யாராவது "சூப்பரா இருக்கு ஆப்பண்ணே" என்று சொன்னால், எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகமாகப் பார்ப்பார்.

இப்படியே போய், ஒரு கட்டத்தில், இரண்டு கட்டிடத்தையும் சேர்க்கும் அந்த நடையில் அம்மாவைக் கூப்பிடும் சத்தம் நின்றுவிட்டது. நின்றதை யாரும் கவனிக்கவில்லை. சத்தத்தைக் கவனிக்க ஆள் இருப்பார்கள். சத்தமில்லாததைக் கவனிக்க ஆஸ்பத்திரியில் தனியாகப் பதவி எதுவும் கிடையாது.

இனி மேல்மாடிக்கு வருவோம். அங்கே நிரந்தரத் தீர்வுக் குழு இருந்தது.

நாலு விரல் மேட்டை ஒழிப்பதற்காகப் பதினோரு வருடத்துக்கு முன்னால் அமைக்கப்பட்ட குழு அது. தலைவர் கட்டிடப் பொறியாளர். அரைகுறை வேலை தனக்குப் பிடிக்காது என்பதை அவர் ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் அறிவிப்பார். அதில் பொய்யே இல்லை. பதினோரு வருடத்தில் அவர் அரைவேலைகூடச் செய்ததில்லை. மேட்டைச் செதுக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை வந்தது. அடியில் தூண் வருகிறது, சின்னக் குறை, தள்ளுபடி. பழைய கட்டிடத்தின் தரை முழுவதையும் நாலு விரல் உயர்த்தலாம் என்றார்கள். அப்படிச் செய்தால் வாசற்படியில் புதிதாக நாலு விரல் முளைக்கும், தள்ளுபடி. இரண்டு கட்டிடத்தையும் முதல் மாடியில் பாலம் போட்டு இணைப்பது, பாலத்துக்கு ஏற லிஃப்ட், லிஃப்டுக்குத் தானே திறக்கும் கதவு என்று யோசனை வளர்ந்து, கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரி வடிவமாக வந்து உட்கார்ந்தது. அதில் விரல் நகமளவு ஸ்ட்ரெச்சரில் விரல் நகமளவு நோயாளி ஒருவர் சிரித்துக்கொண்டே போவார். மேடு மட்டும் அதில் இல்லை. அந்த அளவுக்குச் சுருக்கினால் நாலு விரல் என்பது பூசிய வர்ணத்தின் கனம்கூட வராது.

நிரந்தரத் தீர்வு வரும்வரை அந்த இடத்தில் யாரும் எதுவும் செய்யக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டிருந்தார்கள். தற்காலிக ஏற்பாடுகள் நிரந்தரத் தீர்வின் மீதான ஆர்வத்தைக் குறைத்துவிடுமாம். அந்தத் தீர்மானம் மேல்மாடியிலேயே தங்கிவிட்டதால் கீழே பலகை பிழைத்தது.

பாலத்துக்கு அனுமதி கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்கள். அங்கிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: கடந்த மூன்று வருடத்தில் இந்த மேட்டைப் பற்றி வந்த புகார்கள் எத்தனை? பொறியாளர் புகார்ப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தார். குடிநீர் பற்றி இருந்தது, கொசு பற்றி இருந்தது, பெரிய சிஸ்டரின் வாய் பற்றி நிறையவே இருந்தது. மேட்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

வேறு ஆளாக இருந்தால் மகிழ்ந்திருப்பான். பொறியாளருக்கு முதுகில் குத்துப்பட்டதுபோல் இருந்தது. விசாரித்தார். குற்றவாளி அகப்பட்டது. மணல் பூசிய, ஐந்தடி நீளமுள்ள, பீரோ வம்சத்தில் பிறந்த பலகை.

ஆப்புக்கு மெமோ வந்தது. அலுவலகத்தில் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிய எழுத்தர் அதை நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். அனுமதியின்றிக் கட்டிடத்தின் இயல்பு நிலையில் குறுக்கிட்டது, அதன் மூலம் புகார்கள் எழாதவாறு செய்து குழுவின் பணிக்கு இடையூறு விளைவித்தது ஆகிய குற்றங்களுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் தர வேண்டும். பலகையை உடனே அகற்றிப் பழைய பொருள் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். ஆறு வாரம் உண்மை நிலை நிலவ வேண்டும். அதற்குள் புகார்கள் சேரும் என எதிர்பார்க்கப்படுகிறது.

"அப்படின்னா ஜனங்க கத்தணும்கறாங்களா?" என்று கேட்டார் ஆப்பு.

"கத்தினா போதாது ஆப்பு. எழுத்துல தரணும்" என்றார் எழுத்தர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி தையல் மிஷின்காரி, பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். எதையும் வெட்டித்தான் பேசுவாள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, மறுத்தால் வேலை போய்விடும், கழற்றினால் அந்த மேட்டில் தன் கையாலேயே ஜனங்களை இடித்துத் தள்ள வேண்டும், என்ன செய்வது என்று அவர் புலம்பி முடிக்கும்வரை மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். பிறகு நிறுத்தினாள்.

"கழட்டுங்க. கழட்டிட்டு வாயைத் திறங்க. இத்தனை வருஷமா பலகை பேசிக்கும்னு நீங்க சும்மா இருந்துட்டீங்க. அது மரம்ங்க. அதுக்கு வாய் கிடையாது."

மறுநாள் பலகை கிடங்குக்குப் போனது. இவருக்குக் கை ஒடிந்ததுபோல இருந்தது.

அன்றைக்கு அவர் முதலில் தள்ள வேண்டியிருந்தது நடத்துனர் அம்மாவை. பேருந்தில் பெண் நடத்துனர். ஓட்டுநர் போட்ட ஒரு திடீர் பிரேக்கில் படியிலிருந்து கீழே போய், இடுப்பும் தொடையும் சேதமாகிக் கிடந்தவர். வாரம் ஒரு எக்ஸ்ரே அவருக்கு. வார்டு முழுவதும் சிரிக்கும்படி பேசிக்கொண்டிருப்பவர். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தாலே "முன்னாடி நகருங்க, உள்ள இடமிருக்கு" என்பார். அன்றும் சொன்னார். முன்சக்கரம் மேட்டில் மோதியபோது பேச்சு நின்றது. பின்சக்கரம் ஏறியபோது தலையணையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போதும் அதே கதி. கத்தவில்லை. ஆப்பு அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. எப்படி இருந்தது என்று வழக்கம்போலக் கேட்கவும் இல்லை. நடத்துனர் அம்மாதான் கேட்டார்.

"அண்ணே, பலகை எங்கே?"

சொன்னார். புகார் வர வேண்டும் என்பதற்காக எடுத்துவிட்டார்கள் என்று சொன்னபோது, சொல்லுகிற ஆப்புக்கே அது பொய்போல் பட்டது. கட்டிலில் மாற்றிப் படுக்க வைத்த பிறகு நடத்துனர் அம்மா சொன்னார்:

"அந்தப் புகார் புஸ்தகத்தை எடுத்துட்டு வாங்க. இருபத்தஞ்சு வருஷம் ஜனங்க என்னைப் பத்தி எழுதினாங்க. இப்ப நான் எழுதறேன்."

எழுதினார். எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குக் கொடுத்தார். கை உடைந்தவர்களுக்காகக் கால் உடைந்தவர்கள் எழுதினார்கள். ஆறு வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு புகார்கள் சேர்ந்தன. அந்த ஆறு வாரமும் நடையில் பழைய சத்தம் திரும்பி வந்து குடியேறியது. ஆப்பும் கூட வேலை செய்யும் மூன்று பேரும் முடிந்தவரை ஸ்ட்ரெச்சரை நாலு மூலையும் பிடித்துத் தூக்கியே தாண்ட வைத்தார்கள். தூக்குவதிலும் அவர் சும்மா இருக்கவில்லை. முதல் வாரம் வெறுங்கை, இரண்டாவது வாரம் நாடா, மூன்றாவது வாரம் "ஒண்ணு, ரெண்டு" சொல்வதற்கு ஒரு முறை. ஆனால் நாலு பேரும் எப்போதும் கிடைத்துவிடுவார்களா? கிடைக்காத வேளைகளில் அவர் தனியாகத் தள்ளினார். தள்ளிய ஒவ்வொரு முறையும் மேல்மாடியை நிமிர்ந்து பார்த்தார். சாந்த சொரூபி என்று பெயரெடுத்த மனிதருக்கு அந்த ஆறு வாரத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் வந்தது.

பொறியாளருக்கோ எண்ணிக்கையைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு. அத்தனையையும் நகலெடுத்து, கட்டி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். குறையில்லாத வேலையை விரும்பும் அவர், அவற்றில் ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்காத குறையை மட்டும் வைத்துவிட்டார்.

தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு வேலையற்ற புண்ணியவான் படித்துவிட்டான். நூற்றுப் பன்னிரண்டிலும் ஒரே வாசகம்: இங்கே இருந்த பலகையைத் திரும்பப் போடுங்கள். பதில் கடிதம் சூடாக வந்தது. இருந்த தீர்வை அகற்றியது யார்? வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் பலகையைப் போட்டு அத்தனை புகார்களையும் முடித்து அறிக்கை தர வேண்டும். அந்தப் பலகையையே நிரந்தரத் தீர்வாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

பொறியாளர் ஒரு இரவு துவண்டார். மறுநாள் தேறிவிட்டார். பலகைதான் நிரந்தரத் தீர்வு என்றால் அது குறையற்ற பலகையாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் வேண்டும். இறுதி வடிவச் சான்று என்று தலைப்பிட்டுப் படிவம் தயாரானது. இந்தப் பலகை முழுமையானது, இனி இதில் எந்த மாற்றமும் தேவையில்லை, செய்யவும் மாட்டேன் என்று ஆப்பு கையெழுத்துப் போட்டால் பலகை கிடங்கிலிருந்து வரும், மெமோவும் ரத்தாகும்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஆஸ்பத்திரியை நிர்வகிக்கும் பெரிய டாக்டரும் பொறியாளரும் படிவத்தோடு நடைக்கே வந்தார்கள். கிடங்கிலிருந்து எடுத்துவந்த பலகை, கையெழுத்துக்காகச் சுவரில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் நடத்துனர் அம்மா. எக்ஸ்ரேவுக்குப் போக வேண்டும், பலகை விழட்டும் என்று காத்திருந்தார்.

ஆப்பு படிவத்தை வாசித்தார். கையெழுத்துப் போடவில்லை. இந்த ஆறு வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் புது ஸ்ட்ரெச்சர்கள் வந்துவிட்டன என்றும், அவற்றின் சக்கரம் சின்னது என்றும், இதே பலகை அவற்றுக்கு இப்போதே சரிப்படாது என்றும் சொன்னார். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பொறியாளருக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மேட்டுக்காகவே பதினோரு வருடம் உழைத்தவன் நான், எனக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று ஆரம்பித்தவர், சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஆமா, அந்த மேடு எங்கே இருக்கு?"

பெரிய டாக்டர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"அதுமேலதான் நிக்கிறீங்க சார்" என்றார் ஆப்பு.

பொறியாளர் குனிந்து பார்த்தார். ஒரு கால் பழைய கட்டிடத்தில், ஒரு கால் புதிய கட்டிடத்தில் இருந்தது. "இவ்வளவுதானா?" என்றார்.

ஆப்புக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆஸ்பத்திரியில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"இவ்வளவுதான் சார். இவ்வளவுக்குத்தான் பதினோரு வருஷம். குறையே இல்லாத ஒண்ணைத் தேடினீங்க, தேடுங்க, யார் வேணாம்னா? அது வர்ற வரைக்கும் வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னா, இதோ படுத்திருக்காங்களே, இவங்க இடுப்பு உங்க ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்குமா? இந்தப் பலகை ஒண்ணும் ஒசத்தி இல்ல. நேத்து இருந்ததைவிடக் கொஞ்சம் தேவலை. நாளைக்கு இதைவிடத் தேவலையா பண்ணுவேன். அதைப் பண்ண மாட்டேன்னு என்கிட்டயே எழுதி வாங்கறீங்களே சார், நியாயமா இது?"

"அப்ப பலகை கிடங்குக்கே திரும்பிப் போகட்டும்" என்றார் பொறியாளர்.

"அதை இவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

பொறியாளர் நடத்துனர் அம்மாவைப் பார்க்கவில்லை. நடத்துனர் அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சில்லறை இல்லை என்று சொல்லும் பயணியைப் பார்ப்பதுபோல. பெரிய டாக்டருக்கோ நாலு மணிதான் கண்முன் நின்றது. ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போடப்பா என்று கெஞ்சாத குறையாகப் பேனாவை நீட்டினார். ஆப்பு யோசித்தார். 'இறுதி வடிவம்' என்பதற்கு நேராக, 'இன்று மாலை மூன்றரை மணி வரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இது செல்லாது என்றார் பொறியாளர். செல்லும் என்று பெரிய டாக்டர் முத்திரையைக் குத்தினார். அவருக்குத் தெரிந்த நிர்வாகத்தில், கட்டங்கள் நிரம்பியிருந்தால் போதும்.

பலகை இறங்கியது. நடத்துனர் அம்மா தாண்டினார். பிறகு புது ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது. சின்னச் சக்கரம் பலகையின் விளிம்பில் லேசாகத் தட்டியது. மணி மூன்று நாற்பது. பெரிய டாக்டர் இன்னும் பேனாவைக்கூட மூடவில்லை. ஆப்பு பொறியாளரின் கண்ணெதிரே பலகையைப் பெயர்த்தெடுத்து மடியில் சாய்த்து விளிம்பை அரத்தால் இழைக்கத் தொடங்கினார். அரம் ஓடிய வேகத்தில் மரத்தூள் பொறியாளரின் பளபளக்கும் காலணிவரை பறந்தது. கோபம் தீரும்வரை இழைத்தார். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இழைத்துவிட்டார், அதைச் சரிசெய்ய அடுத்த செவ்வாய் ஆனது.

கோப்பில் அந்தப் பலகை இறுதி வடிவம் அடைந்துவிட்டது. குழுவைக் கலைக்க மனமில்லாமல், பலகையின் இறுதி வடிவத்தைப் பாதுகாப்பதற்கென்று மாதம் ஒரு முறை மேல்மாடியில் கூடச் சொல்லியிருக்கிறார்கள், தேநீரோடு. கீழே இதுவரை அது பதினேழு முறை மாறியிருக்கிறது. இரண்டு குழுக்கூட்டத்துக்கு நடுவே நாலு தடவைகூட மாறியதுண்டு. மெமோவுக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நடத்துனர் அம்மா இரண்டு மாதம் கழித்து ஊன்றுகோலில் எழுந்து நடந்தார். வீட்டுக்குப் போகும் நாளில், ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, தன் காலாலேயே பலகையைக் கடந்தார். வார்டே வாசலில் நின்று பார்த்தது. ஆப்பு பக்கத்திலேயே கையை நீட்டியபடி நடந்தார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் நடத்துனர் அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஏதோ நன்றி சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அண்ணே, சக்கரத்துக்கு எல்லாம் சரி. கோல் ஊணினா இந்த மணல் சறுக்குது. ரெண்டு கால் இருக்கறவங்களை மறந்துட்டீங்களே" என்றார்.

ஆப்பு அங்கேயே குந்தி, உள்ளங்கையால் பலகையைத் தடவிப் பார்த்தார். இத்தனை நாள் இது எப்படித் தன் கண்ணில் படாமல் போனது என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"இன்னொரு தடவை நடந்து காட்டுங்கம்மா" என்றார். "எந்த இடத்துல சறுக்குதுன்னு பாக்கணும்."